ஆற்றங்கரையும் பேங்க், பணம் போடும் இடமும் பேங்க்: இது ஒரே சொல்லா, ரெண்டா?

கெடிலக்கரைக்காரன் (திருப்பாதிரிப்புலியூர்):

எல்லாருக்கும் வணக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் ரெண்டு நாளாக வீட்டில் இதே பேச்சாக இருக்கிறது, அதனால் இங்கே கொண்டு வந்து போடுகிறேன்.

என் பெண் ஏழாவது படிக்கிறாள். இங்கிலீஷில் பத்து வாக்கியம் கொடுத்துத் தமிழில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் பசு மேய்கிறது என்று அர்த்தம் வருகிற ஒரு வாக்கியம் அதில் உண்டு. நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் போனை எடுத்து ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு ஆப்பில் அடித்துப் பார்த்து, வந்ததை அப்படியே நோட்டில் எழுதிவிட்டாள். ‘பசு வங்கியில் மேய்கிறது.’ எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளுக்குக் கோபம். “பேங்க்குன்னா பேங்க்தானேப்பா, நான் என்ன தப்பா எழுதிட்டேன்?”

கரைக்கும் அதே பெயர்தான் என்று சொன்னேன். “அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வேற பேரே கிடைக்கலையா அவங்களுக்கு?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் முடிந்து, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது, கரையில் இருப்பவர்கள் வெளியேறவும் என்று யாரோ இங்கிலீஷில் ஒரு செய்தியை எங்கள் தெரு குரூப்பில் தட்டிவிட்டார்கள். அதைப் படித்த ஒரு பெரியவர், பேங்க் மெத்தைக் கட்டிடம்தானே, அங்கே இருப்பவர்கள் எதற்கு வெளியேற வேண்டும் என்று நிஜமாகவே கேட்டார். அன்றைக்கு அவரைக் கிண்டல் செய்தோம். இப்போது யோசித்தால் அவர் கேட்டதும் என் பெண் கேட்டதும் ஒன்றுதான்.

பிளட் பேங்க், பவர் பேங்க், கொஸ்டின் பேங்க் எல்லாம் சேமித்து வைக்கிற இடம் என்கிற அர்த்தத்தில் வந்தது, அது புரிகிறது. கரைதான் இடிக்கிறது. எது முதலில் வந்தது? கரை ஓரமாக உட்கார்ந்து பணம் மாற்றினார்களா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். நம் ‘வங்கி’ எங்கிருந்து வந்தது? என் அம்மா கையில் போடுகிற நகைக்கும் வங்கி என்றுதான் பெயர். அந்த வங்கி இப்போது வங்கியில் அடகில் இருக்கிறது, அது வேறு கதை.

ஓய்வுபெற்ற காசாளர் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):

தம்பி, முப்பத்து நாலு வருஷம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்கிற உரிமையில் பணத்துப் பேங்க்கைப் பற்றி நான் சொல்கிறேன், கரையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

இத்தாலிய மொழியில் ‘பாங்கோ’, ‘பாங்கா’ என்றால் பலகை, பெஞ்சு. எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்க் கடைத்தெருக்களில் காசு மாற்றித் தருகிறவர்கள் ஒரு பலகையைப் போட்டு, மேலே துணி விரித்து, பல ஊர்க் காசுகளையும் அதில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பலகைதான் பேங்க். வேறு ஒன்றும் இல்லை. நம்மூரில் கடை முதலாளி எங்கே என்று கேட்டால் ‘கல்லாவில் இருக்கிறார்’ என்கிறோம் பாருங்கள், பெட்டியின் பெயர் இடத்துக்கு ஆகிவிட்டது. அங்கே பலகையின் பெயர் தொழிலுக்கே ஆகிவிட்டது. புளோரன்சில் மெடிசி குடும்பத்தார் 1397-ல் பேங்க் தொடங்கினபோதே இந்தச் சொல் பலகையை விட்டு இறங்கி வியாபாரத்துக்கு வந்தாயிற்று. அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய், 1400களின் கடைசியில் இங்கிலீஷுக்கு வந்தது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து வந்தது அதற்கெல்லாம் வெகு பின்னால், 1694-ல்.

திவால் ஆனவரை ‘பேங்க்ரப்ட்’ என்கிறோமே, அது ‘பாங்கா ரோத்தா’, அதாவது உடைந்த பலகை. கடன் கொடுக்க முடியாதவனின் பலகையை நடுத்தெருவில் போட்டு உடைப்பார்கள் என்று எங்கள் பயிற்சி வகுப்பில் ஒருவர் நடித்தே காட்டினார். சொல் நிஜம். யாராவது சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் நிஜமாகவே உடைத்தார்களா என்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை, கதை நன்றாக இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கிரேக்கர்கள் கணக்கு. அவர்கள் மொழியில் இன்றைக்கும் வங்கிக்கு ‘திராபெசா’ என்றுதான் பெயர், அதற்கு மேசை என்று அர்த்தம். பாதையே வேறு, ஆனால் போய்ச் சேர்ந்த இடம் அதே பலகைதான். பள்ளிக்கூடத்தில் ‘டிரபீசியம்’ என்று சரிவகத்துக்குப் படித்தோமே, அது ‘சின்ன மேசை’. உங்கள் பெண் அடுத்த வருஷம் அதையும் கேட்பாள், தயாராக இருங்கள்.

நம் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு உண்டு. 1875-ல் பாரிசில் தொடங்கின இந்தோசீனா வங்கி இங்கே கிளை வைத்து, பிரெஞ்சு இந்தியாவுக்கென்று ரூபாய் நோட்டே அச்சடித்தது. பாரதி பூங்கா பக்கம் இன்று யூகோ வங்கி இருக்கிற அந்தப் பழைய கட்டிடம் அதனுடையதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த கிளை வேறு, ஆனால் அதுவும் பழைய கட்டிடம். கவுண்டர் முழுக்கத் தேக்குப் பலகை. பணம் எடுக்க வருகிறவர்களுக்கு எண் போட்ட பித்தளை டோக்கன் கொடுப்போம், அவர்கள் அதை வைத்துக்கொண்டு பலகையில் டொக்கு டொக்கென்று தட்டுவார்கள், சீக்கிரம் கூப்பிடு என்று அர்த்தம். தட்டித் தட்டி அந்த ஓரமே குழிந்து போயிருந்தது. அப்புறம் கண்ணாடி போட்டார்கள், டோக்கன் போயிற்று, கடைசியில் நானும் வந்துவிட்டேன்.

வங்கம் ஏறியவன் (கடலூர் முதுநகர்):

எல்லாரும் இத்தாலி, கிரேக்கம் என்று சுற்றுகிறீர்கள், வீட்டிலேயே விடை இருக்கிறது. சங்க இலக்கியத்தில் ‘வங்கம்’ என்றால் மரக்கலம். வங்கம் ஏறிப் போய் வணிகம் செய்து பொன்னைக் கொண்டு வந்தவன் தமிழன். அந்தப் பொன்னை வைத்த இடம் வங்கி. அதைத்தான் வெள்ளைக்காரன் பேங்க் ஆக்கிக்கொண்டான். கப்பல் கரையில் நிற்பதால் கரைக்கும் அதே பெயர். முடிந்தது. நாம்தான் நம் பெருமையை மறந்துவிட்டோம்.

சொல்தா வீட்டுப் பேரன் (புதுச்சேரி):

வங்கம் ஏறியவன் அண்ணா, வங்கம் என்றால் கப்பல் என்பது சரி, அதில் மறுப்பே இல்லை. அதற்கு மேல் சொன்னதுதான் ஒட்டவில்லை. பழைய இலக்கியத்தில் எங்கேயும் வங்கி என்று பணம் வைக்கிற இடத்துக்குப் பெயர் கிடையாது. ‘பேங்க்’ என்கிற ஒலியைத் தமிழ் வாய்க்கு வளைத்து நாம் பிற்காலத்தில் செய்துகொண்டது அது. கையில் போடுகிற வங்கிதான் நமக்குப் பழையது, அதுவும் இதுவும் தற்செயலாக ஒரே உருவில் வந்து நிற்கின்றன. ஆக, நம்மிடமும் ஒரே பெயரில் ரெண்டு பொருள் ஆகிவிட்டது, பாப்பாவிடம் இதைச் சொல்லலாம். ‘ஆறு’ என்றால் நதி, எண், வழி, சூடாக இருப்பதை ஆறவிடுவது. ‘கரை’ என்றால் ஆற்றோரம், வேட்டி ஓரம், வெல்லத்தைத் தண்ணீரில் கரைப்பது, காகம் கரைவது. ஒரே சொல்லுக்குப் பல பொருள் வருவது இங்கிலீஷில் மட்டும் இல்லை.

இப்போது கரைக்கு வருகிறேன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அதாவது ‘சொல்தா’வாக, இருந்தவர், அதனால் எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு பிரெஞ்சு கலந்தது. பிரெஞ்சில் பெஞ்சுக்கு ‘பாங்’, பணத்து வங்கிக்கு ‘பாங்க்’. முதல் சொல்லில் கடைசி எழுத்தை மூக்கோடு விழுங்கிவிட வேண்டும், ரெண்டாவதில் ககரத்தைக் கொஞ்சம் அழுத்த வேண்டும். சின்ன வயதில் இதை மாற்றிச் சொல்லிப் பாட்டியிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். ஆற்றங்கரைக்கு அங்கே வேறே சொல், ‘ரிவ்’. பாரிசில் ஆற்றுக்கு இடது பக்கத்தை ‘ரிவ் கோஷ்’ என்பார்கள். அதாவது கரையும் வங்கியும் முட்டிக்கொள்கிற பிரச்சினையே பிரெஞ்சில் கிடையாது. இங்கிலீஷில்தான் இந்தக் கூத்து.

காரணம் இதுதான். இங்கிலீஷ், ஜெர்மன் மாதிரியான ஜெர்மானிய மொழிகளுக்கு ஆதியில் ஒரு மூலச் சொல் இருந்தது. தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்து நீளமாகப் போகிற எதற்கும் அது பொருந்தியது. மண் மேடாக இருக்கலாம், சுவரோரத் திண்ணையாக இருக்கலாம், உட்காருகிற பலகையாக இருக்கலாம். இந்த ஒரு சொல் முக்கியமாக மூன்று தடவை மூன்று வாசல் வழியாக இங்கிலீஷுக்குள் நுழைந்திருக்கிறது. இங்கிலாந்திலேயே ஆதியிலிருந்து இருந்தது ‘பெஞ்ச்’ ஆகி நின்றது. வடக்கே ஸ்கேண்டினேவியாவிலிருந்து வைகிங்குகள் வந்து இறங்கிக் குடியேறினார்களே, அவர்கள் பேச்சிலிருந்து மேடு, கரை என்கிற அர்த்தத்தில் ‘பேங்க்’ வந்தது, சுமார் 1200 வாக்கில் இது இங்கிலீஷ் எழுத்தில் தெரிய ஆரம்பிக்கிறது. மூன்றாவது, ஜெர்மானியக் கூட்டத்தார் இத்தாலிக்குக் கொண்டுபோன அதே சொல் அங்கே கடைப்பலகையாகி, காசாளர் ஐயா சொன்னபடி பணத்தோடு சேர்ந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குத் திரும்பியது. அதனால்தான் அகராதியைத் திறந்தால் பேங்க்குக்குத் தனித்தனியாக ரெண்டு மூன்று பதிவு இருக்கும். கரை ஒரு சொல், வங்கி ஒரு சொல் என்று அகராதி பிரிப்பதும் சரி, கொள்ளுப்பாட்டி ஒருத்திதான் என்பதும் சரி. ‘ரெண்டா ஒன்றா’ என்று கேட்டால் ரெண்டுக்கும் ஆமாம் என்றுதான் சொல்ல முடியும். ஆறுகள் வந்து கூடுகிற இடம் என்பதால் கூடலூர் என்று பெயர் வந்து அது கடலூர் ஆயிற்று என்பார்களே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே கூடின ரெண்டு ஆறும் புறப்பட்ட ஊற்று ஒன்று.

ஒரு வேடிக்கை சொல்லாமல் விட முடியாது. தமிழுக்கு இந்தச் சொல் இங்கிலீஷ்காரனுக்கு முன்னாலேயே ஒருமுறை வந்தாயிற்று. இலங்கைத் தமிழரிடம் பேசிப் பாருங்கள், பெஞ்சை ‘வாங்கு’ என்பார்கள். ‘வாங்கில் இருங்கோ’ என்று முதன்முதலாகக் கேட்டபோது எதை வாங்கச் சொல்கிறார்கள் என்று முழித்தேன். போர்ச்சுகீசியர் பெஞ்சுக்குச் சொன்ன ‘பாங்கோ’தான் அது. மேசை, ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் வந்த அதே கப்பல். அவர்கள் வந்து இறங்கின பரங்கிப்பேட்டை உங்கள் மாவட்டத்தில்தானே இருக்கிறது, அந்த ஊருக்கு அவர்கள் வைத்த பெயரே ‘புதுத் துறைமுகம்’. ஆக பாங்கோ வாங்கு ஆனது, பேங்க் வங்கி ஆனது. முதல் எழுத்து பகரம் ரெண்டிலும் எப்படி வகரமாக மாறியிருக்கிறது பாருங்கள். பெஞ்சு, வாங்கு, பேங்க், வங்கி, நான்கும் அக்கா தங்கைகள்.

விருந்துக்குச் சொல்கிற ‘பேங்க்வெட்’கூட இதே குடும்பம்தான், சின்ன பெஞ்சு என்று அர்த்தம். ‘மவுண்டிபேங்க்’ என்று போலி வைத்தியனுக்கு ஒரு பழைய இங்கிலீஷ் சொல் உண்டு, பெஞ்சு மேல் ஏறியவன். சந்தையில் பலகை மேல் ஏறி நின்று சகல நோய்க்கும் லேகியம் விற்கிறவன், கண்ணுக்குத் தெரிகிறதா? வீட்டில் இருக்கும் பீரோவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது ‘பியூரோ’. முதலில் மேசை மேல் விரிக்கிற முரட்டுக் கம்பளித் துணி, அப்புறம் அந்த மேசை, அப்புறம் மேசை இருக்கிற ஆபீஸ், நம்மிடம் வந்து இரும்பு அலமாரி. மேசைக்கும் துணிக்கும் பணத்துக்கும் அப்படி ஒரு தொடர்பு.

மின்கம்பி (விருத்தாசலம்):

சப்ஸ்டேஷனில், மின்னூட்டத்தைத் தேக்குகிற கெப்பாசிட்டர்கள் பலவற்றைச் சேர்த்து வைத்ததை நாங்கள் ‘கெப்பாசிட்டர் பேங்க்’ என்போம். சேமித்து வைக்கிறதால் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன், புதிதாக வருகிற பையன்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் மூன்று டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்து வைத்தாலும் பேங்க் என்கிறோம், அதில் ஒன்றும் சேமிக்கிறதில்லையே. லைட் சுவிட்சு வரிசையையும் அப்படிச் சொல்கிறார்கள். இது எந்தப் பேங்க் பேரனே?

சொல்தா வீட்டுப் பேரன்:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அண்ணா. அது வரிசை என்கிற அர்த்தம், பணத்தோடு சம்பந்தமில்லை. பழைய பிரெஞ்சில் பெஞ்சுக்குச் சொன்ன ‘பாங்’ அப்படியே இங்கிலீஷுக்கு வந்து, பெரிய படகுகளில் துடுப்புப் போடுகிறவர்கள் உட்காருகிற பலகைக்கும், அந்த ஆட்கள் வரிசைக்கும் பெயராக இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருந்தால் பேங்க். உங்கள் கெப்பாசிட்டர்கள் துடுப்புப் போடுகிற ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் வருகிற பையன்களுக்கு மாற்றிச் சொல்லிவிடுங்கள்.

சுரங்கத்துச் சிவப்பு மண் (நெய்வேலி):

மண் மேட்டுக்கும் பெஞ்சுக்கும் ஒரே சொல் என்று நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், ஏனென்றால் எங்களுக்கு அது தினசரிப் பேச்சு. நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கத்தை மேலே நின்று பார்த்திருக்கிறீர்களா? பெரிய படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒவ்வொரு படிக்கும் பெயர் பெஞ்ச். டாப் பெஞ்ச், பாட்டம் பெஞ்ச் என்போம். கீழே கறுப்பாகத் தெரிவது நிலக்கரி, அதுவரைக்கும் மேலே இருக்கும் மண்ணையெல்லாம் பெஞ்சு பெஞ்சாகத்தான் வாரி எடுக்க வேண்டும். ஒரு பெஞ்சில் சக்கர வாளி இயந்திரம் நிற்கும். 1400 லிட்டர் வாளி வைத்தது என்றால் சுற்றிக்கொண்டே மண்ணைக் கடிக்கும், கன்வேயர் பெல்ட்டில் அது ஆறு மாதிரி ஓடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எங்கள் ஷிஃப்ட் பெரியவர் என்னை “போய் டாப் பெஞ்சில் இரு, வருகிறேன்” என்றார். நான் கேண்டீனுக்குப் போய் அங்கே இருந்ததிலேயே உயரமான பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம். வந்து பார்த்துவிட்டு அவர் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்து விளக்கினார். ஆனால் ரிட்டயர் ஆகிற வரைக்கும் என்னை ‘கேண்டீன் பெஞ்சு’ என்றுதான் கூப்பிட்டார்.

வலை இழுப்பவன் மகன் (தேவனாம்பட்டினம்):

கடலுக்குள்ளேயும் பேங்க் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. கன்னியாகுமரிக்குத் தெற்கே ‘வெட்ஜ் பேங்க்’ என்று சார்ட்டில் போட்டிருக்கும், கடலடி அங்கே மேடாக ஏறி இருக்கும், மீன் கொட்டிக் கிடக்கும். மீன் சேமிப்பு வங்கி என்று என் தம்பி காலேஜில் எழுதி வைத்துவிட்டு வந்தான், மார்க்கும் போட்டிருக்கிறார்கள். இப்போதுதான் தெரிகிறது அது மேடு, கரைக்கு அண்ணன் தம்பி என்று. எங்கள் பேச்சில் கடலடியில் கல்லாக இருந்தால் ‘பார்’. தூத்துக்குடிப் பக்கம் அந்தக் காலத்தில் முத்துக் குளித்த இடங்களை இங்கிலீஷ்காரன் ‘பேர்ல் பேங்க்’ என்று எழுதினான், நம் ஆள் முத்துப் பார் என்றான். பார் என்றால் இன்றைக்கு ஊரில் வேறு அர்த்தம், அதை நான் இங்கே விரிக்கவில்லை.

முந்திரித்தோப்பு (பண்ருட்டி):

நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவள், கேட்டால் வாங்கி வந்து செய்து கொடுப்பேன். ஆப்பைத் திட்டினீர்களே, நானே அதைவிட மோசமாக மாட்டியிருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு இங்கிலீஷ் சிறுகதை. ராத்திரி எல்லாரும் தூங்கப் போகும் முன் ஒரு பெண் அடுப்பு நெருப்பை ‘பேங்க்’ செய்கிறாள். அகராதியில் முதலில் இருந்தது வங்கி, அடுத்தது கரை. ரெண்டும் வேலைக்கு ஆகவில்லை. நெருப்பை ஓரமாக ஒதுக்கினாள் என்று ஏதோ எழுதி ஒப்பேற்றிக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெண் செய்ததை என் அம்மா தினமும் செய்வார், அதுதான் வெட்கமாக இருந்தது. முந்திரிக் கட்டை எரிந்து முடிந்ததும் கங்குகளையெல்லாம் அடுப்பு நடுவே கூட்டி, மேலே சாம்பலை மேடாகக் குவித்து, கையால் இல்லை, தேங்காய்ச் சிரட்டையின் முதுகால் லேசாகத் தட்டி மூடிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு அணைந்த மாதிரி இருக்கும். காலையில் சாம்பலைக் கிளறினால் உள்ளே சிவப்பாகக் கிடக்கும், ரெண்டு சருகு போட்டு ஊதுகுழலால் ஊதினால் பற்றிக்கொள்ளும், தீப்பெட்டி மிச்சம். சாம்பலை மேடாகக் குவிப்பதுதான் அந்த ‘பேங்க்’, கரையிலிருந்து வந்தது. ‘நீறு பூத்த நெருப்பு’ என்று தமிழில் சொல் வைத்துக்கொண்டு நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவதையும் அதே சொல்லால் சொல்வார்கள், அது கரையின் சரிவிலிருந்து வந்தது. ‘உன்னை நம்பியிருக்கிறேன்’ என்பதற்கு ‘பேங்க் ஆன்’ என்றால் அது பணத்துப் பேங்க். எது எந்த வீட்டுப் பிள்ளை என்று இனி எனக்குத் தடுமாறாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஏரிக்கரையை நம் பொதுப்பணித்துறைக்காரர்கள் ‘பண்ட்’ என்பார்கள், வீராணம் பண்ட், பாகூர் பண்ட் என்று. அதை இந்தக் குடும்பத்தோடு சேர்த்துவிடாதீர்கள். அது பாரசீகத்து ‘பந்த்’, கட்டுவது, அடைப்பது.

கிரேன் கீழே நிற்பவன் (குறிஞ்சிப்பாடி, இப்போது துபாய்):

ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுப் படிக்கிறேன், இதை எழுதாமல் தூங்க முடியாது. என் வேலையின் பெயர் பேங்க்ஸ்மேன்.

கட்டிட சைட்டில் கிரேன் ஓட்டுகிறவருக்கு மேலே இருந்து கீழே சரியாகத் தெரியாது. கீழே நின்று ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் சைகை காட்டுகிற ஆள் நான். லாரி ரிவர்ஸ் எடுத்தாலும் பின்னால் நிற்கிறது நான்தான். இதற்கு ஏன் பேங்க் என்று பெயர் என்று ஒரு சேஃப்டி கிளாசில் கேட்டேன். பழைய நிலக்கரிச் சுரங்கத்தில் குழி வாய்க்கு மேலே இருக்கும் தரைக்கு ‘பேங்க்’ என்று பெயராம், அங்கே நின்று கூண்டு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டவன் பேங்க்ஸ்மேன். சுரங்கம் போய்க் கிரேன் வந்தும் பெயர் மட்டும் நின்றுவிட்டது. நெய்வேலி அண்ணா, நாம் ரெண்டு பேரும் ஒரே குழியில் இருந்து வந்தவர்கள்.

முதல் தடவை லீவில் ஊருக்கு வந்தபோது எனக்குப் பெண் பார்த்தார்கள். பையன் என்ன வேலை என்று கேட்டதற்கு எங்கள் அத்தை, துபாயில் பேங்க்ஸ்மேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அது ரெண்டு தெரு தாண்டுவதற்குள் துபாயில் பேங்க் மேனேஜர் ஆகிவிட்டது. வடலூர்ப் பக்கமிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள், தட்டோடு. பெண்ணின் மாமா கோஆப்பரேட்டிவ் பேங்கில் குமாஸ்தா. காபி கொடுத்த உடனே என்னைப் பார்த்து, “எந்த டிபார்ட்மென்ட் மாப்பிள்ளை, லோன் செக்‌ஷனா, டெபாசிட்டா?” என்றார். நான் ஒன்றும் புரியாமல், “டவர் கிரேன் மாமா, இப்போது மொபைல் கிரேனும் பார்க்கிறேன்” என்றேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அத்தை உள்ளே போய்விட்டார். தட்டு வந்த மாதிரியே வேனுக்குத் திரும்பிப் போயிற்று, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வங்கம் ஏறியவன்:

சரி, வங்கத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வாங்கு என்று ஒன்று இருப்பது தெரியாது, பரங்கிப்பேட்டையில் என் பெரியம்மா வீட்டில் பழைய ஆட்கள் யாராவது அப்படிச் சொல்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

கெடிலக்கரைக்காரன்:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. பெண்ணை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். மூன்று வாசல் வழியாக வந்த கதை அவளுக்குப் பிடித்துவிட்டது. நோட்டில் ‘வங்கியில்’ என்பதை அடித்துவிட்டுக் ‘கரையில்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு மாடு படமும் போட்டிருக்கிறாள். அப்புறம் நேற்று சாயங்காலம் சில்வர் பீச்சுக்குப் போனபோது, அங்கே இருந்த சிமென்ட் பெஞ்சைத் தட்டி, “அப்பா, பேங்க்ல உட்காரு” என்றாள். பக்கத்தில் இருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

காசாளர் ஐயா, அடகு வங்கி இந்த மாதம் மீட்டுவிடுவேன். துபாய்த் தம்பி, அப்புறம் கல்யாணம் ஆயிற்றா இல்லையா, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

கிரேன் கீழே நிற்பவன்:

ஆயிற்று அண்ணா, ரெண்டு பிள்ளைகள். அடுத்த இடத்துக்குப் போனபோது கிரேன் கம்பெனியில் வேலை என்று மட்டும் சொன்னோம். அத்தையை அன்றைக்குப் பேசவே விடவில்லை.